இரண்டு கொத்து அரிசியிலிருந்து இருபத்திரண்டு குறிகாட்டிகள் வரை

இலங்கையில் வறுமை ஒழிப்புக்கென்று வந்த திட்டங்களின் பெயர்களை எவரும் வரிசையாகச் சொல்லிவிடலாம். கூப்பன் அரிசி, உணவு முத்திரை, ஜனசவிய, சமுர்த்தி, திவிநெகும, இப்போது அஸ்வெசும. ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயரும் மாறும் என்பது நாம் பழகிப்போன வேடிக்கை. ஆனால் இந்தப் பெயர் மாற்றங்களுக்கு ஊடே மாறாத திசை ஒன்று இருக்கிறது. அனைவருக்கும் உரியதாகத் தொடங்கிய ஓர் உதவி, படிப்படியாகச் சுருங்கி, வறியவர் தாம் வறியவர்தான் என்று விண்ணப்பம் எழுதி, புள்ளி பெற்று, அயலவரின் ஆட்சேபனையையும் தாண்டி நிரூபிக்கவேண்டிய ஒன்றாக வந்து நிற்கிறது. இந்தத் திசையே தவறு என்பது என் கருத்து. பட்டியலைத் திருத்துவதால் இது சரியாகாது.

நான் இருப்பது திருகோணமலை நகரை அண்டிய அன்புவழிபுரத்தில். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனிதராக இருந்திருக்கவேண்டும். எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளில் ஒரு தடவையேனும் இடம்பெயராத குடும்பம் அரிது. மேசன் வேலை, கூலி வேலை, ஓட்டோ, கடைச் சிப்பந்தி வேலை, மீன் வியாபாரம், வீட்டுக்கு ஒருவர் மத்திய கிழக்கில் என்று சீவியம் ஓடுகிறது. பட்டினி என்று சொல்லிவிட முடியாது. வசதி என்று சொன்னால் பாவம். கொழும்பில் வகுக்கப்படும் ஒரு கொள்கை சரியா பிழையா என்று அறிய இப்படிப்பட்ட ஓர் ஊரே போதும்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப்பிடித்தது. உணவுப் பொருட்களின் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை, 2022இல் 25 வீதமாகிவிட்டதென உலக வங்கி மதிப்பிட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு இணங்கியது. அந்தச் சூழலில்தான் 2023 ஜூலை முதல் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 37 இலட்சம் விண்ணப்பங்கள். இலக்கோ 20 இலட்சம் குடும்பங்கள். அவையும் நான்கு தட்டுகளாகப் பிரிக்கப்பட்டன. மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. கடைசி இரண்டும் 2025 ஜனவரியிலிருந்து 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன.

பத்தாயிரம் ரூபா என்பது கேட்பதற்குப் பெரிய தொகை. ஐந்து பேர் கொண்ட வீட்டில் முப்பது நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 67 ரூபாவும் இல்லை. ஓர் இறாத்தல் பாணுக்குக்கூட அது போதாது. ஆசியாவின் பெரிய மா ஆலைகளில் ஒன்று 1980 முதல் எங்கள் துறைமுகத்தில்தான் கோதுமை அரைத்துக்கொண்டிருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யாருக்கு எந்தத் தட்டு என்று தீர்மானிப்பதற்குக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. அதிகாரி ஒருவர் தமக்கு வேண்டியவருக்குக் கொடுத்து வேண்டாதவரை விலக்கும் பழைய வழக்கத்தை இது ஒழிக்கும் என்றார்கள். அந்த நோக்கத்தை நான் குறைசொல்லமாட்டேன். சமுர்த்திக் காலத்தில் கட்சி அட்டையே வறுமைச் சான்றிதழாக இருந்ததை ஊர் அறியும். ஆயினும் கணக்குப் புள்ளிக்கும் ஒரு குணம் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதைத்தான் எண்ணும்.

எங்கள் மாகாணத்தில் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் கொடையாளர்களும் இந்திய அரசும் ஆயிரக்கணக்கான கல்வீடுகளைக் கட்டிக்கொடுத்தார்கள். சீமெந்துத் தரை, ஓட்டுக் கூரை, கட்டிய மலசலகூடம். அந்த வீட்டில் இருப்பவருக்கு நாளைக்கு வேலை உண்டா என்பது வேறு விடயம்; வீட்டைப் பார்த்தால் புள்ளி குறையும். மீன் பெட்டி கட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒரு வியாபாரிக்குத் தொழிற்கருவி. படிவத்தில் அது வாகனம். மணமான மகளும் தாயும் ஒரே மின்மானியில் இரண்டு அடுப்பு எரிக்கிறார்கள். மின்கட்டணப் பட்டியலில் அவர்கள் கொஞ்சம் வசதியான ஒரு குடும்பம். தானமாக வந்த வீடே தரித்திரத்துக்கு எதிரான சாட்சியாக நிற்பதை நான் எங்கள் ஒழுங்கைகளிலேயே கண்டேன்.

இன்னொன்றும் கண்டேன். தெரிவானோர் பெயர்ப் பட்டியல் பகிரங்கமாக ஒட்டப்பட்டது. விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம்; தகுதியற்றவர் என்று கருதுவோரைப் பற்றி மற்றவர்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம். நாடெங்கும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. படலைக்குப் படலை கறி பரிமாறிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் அளக்கத் தொடங்கினார்கள். யார் வீட்டில் புதிய குளிர்சாதனப் பெட்டி, யார் மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்புகிறான் என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தேவையான தகவல் ஆயிற்று. அரசு தன் கண்ணால் பார்க்க முடியாததை அயலாரின் பொறாமையைக் கொண்டு பார்க்க முனைந்தது என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இது நடைமுறைக் கோளாறு, காலப்போக்கில் சீராகும் என்று சொல்வோர் உண்டு. சீராகாது. ஏனெனில் கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது. அரச உத்தியோகத்தருக்கு வருமானம் என்பது மாதச் சம்பளம். அது வரும் நாள் தெரியும், தொகையும் தெரியும். நாட்கூலிக்காரருக்கு வருமானம் என்பது வானிலையும் முதலாளியின் மனநிலையும் சேர்ந்த ஒன்று. வாடைக்காற்றுக் காலத்தில் கடலும் மூடும், கட்டட வேலையும் நிற்கும். மார்ச்சில் ஓரளவு நிமிர்ந்து நின்ற குடும்பம் டிசெம்பரில் தோட்டை அடகு வைக்கும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து எடுத்த கணக்கு இதில் எதைப் பிடிக்கும்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மகாவலி பெருக்கெடுத்தது, மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டது, மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தது. முன்னே எடுத்த புள்ளிக் கணக்குக்கு அந்த வெள்ளம் தெரியாது.

சரி, முன்னர் எப்படி இருந்தது? எனக்கு முந்திய தலைமுறைக்கு இது நேரடி அனுபவம். கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடை வரிசையில் நின்ற கடைசிச் சிறுவர்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டுபோட்டன. அதே ஆண்டில் பர்மா வீழ்ந்து, அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. அந்த நெருக்கடியில்தான் பங்கீட்டு அரிசி முறை வந்தது. போர் முடிந்தும் அது நீடித்தது. பிரபுவுக்கும் உண்டு, பாட்டாளிக்கும் உண்டு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி, இலவச மருத்துவம், இவற்றோடு பங்கீட்டு அரிசி. இந்த மூன்றும் சேர்ந்தே குறைந்த தலா வருமானமுள்ள ஒரு தீவை நீண்ட ஆயுளும் எழுத்தறிவும் உள்ள நாடாக்கின. இலங்கையை உதாரணம் காட்டி அமர்த்தியா சென் எழுதியவை பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர்களுக்குப் பழக்கமானவை. எவருக்கும் புள்ளியிட்டு இவை கொடுக்கப்படவில்லை என்பதைத்தான் இன்று மறந்துவிட்டார்கள்.

அந்த அரிசியின் பலம் என்னவென்று 1953இல் தெரிந்தது. ஒரு கொத்து 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டு அரிசியை 70 சதமாக்கினார்கள். நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜயவர்தன. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியதென்பது நம் அரசியல் வரலாற்றின் பிரசித்தமான காட்சி. உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியைத் துறந்தார். அதே டட்லி 1966இல் இரண்டு கொத்தை ஒரு கொத்தாகக் குறைத்து, அதை இலவசமாகக் கொடுத்தார். 1970 தேர்தலில் மறு கொத்தையும் தருவோம் என்ற வாக்குறுதியோடு சிறிமாவோ பண்டாரநாயக்க வந்தார். அரிசிக் கொத்து அரசாங்கங்களைக் கவிழ்த்த காலம் அது. ஏன் கவிழ்த்தது? அந்த அரிசி அனைவருடைய வீட்டிலும் வெந்தது. எழுதுவினைஞரும் ஆசிரியரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றார்கள். கை வைத்தால் முழு நாடும் திரும்பிப் பார்த்தது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜே.ஆர். 1953இன் பாடத்தை அவர் மறக்கவில்லை. 1978 ஜனவரியில் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமே இலவச அரிசி என்று ஆக்கினார். ஏறத்தாழ நாட்டின் பாதி வரிசையிலிருந்து விலகியது. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, விலைவாசி ஏறியது. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி பாதியாய்த் தேய்ந்தது. ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. நடத்தக்கூடியவர்கள் முன்னரே வரிசையை விட்டுப் போயிருந்தார்கள். ஏழைகளுக்கு மட்டும் உரிய திட்டம் ஏழைத் திட்டமாகத்தான் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை.

பின்னர் வந்தவை இந்த வழியிலேயே நடந்தன. 1989இல் பிரேமதாசவின் ஜனசவிய மாதம் 2,500 ரூபா என்றது. அதில் 1,458 செலவுக்கு, 1,042 சேமிப்புக்கு, இரண்டு ஆண்டு முடிவில் 25,000 ரூபா முதல். தாராளமான திட்டம்தான், ஆனால் அத்தனை பேருக்கும் ஒரேயடியாகக் கொடுக்கப் பணம் இல்லாமல் சுற்றுச் சுற்றாக நகர்ந்தது. 1995இல் சந்திரிகாவின் சமுர்த்தி. போர் காரணமாக வடக்குக் கிழக்கின் பல பகுதிகளுக்கு அது பிந்தியே வந்தது. மிக வறிய ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் ஏறத்தாழ நாற்பது வீதத்தைச் சமுர்த்தி தவறவிடுகிறதென்று உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட ஆய்வொன்று காட்டியது. திவிநெகும சட்டமூலம் மாகாண அதிகாரங்களில் கைவைத்ததையும், திருகோணமலையில் கூடிய கிழக்கு மாகாண சபையே 2012இல் அதற்குக் கை உயர்த்தியதையும், மறு ஜனவரியில் பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டதையும் இங்கே விரிக்கப் போனால் அது தனிக் கட்டுரையாகும்.

எதிர்வாதத்தையும் கேட்போம். பணம் குறைவு, பணக்காரனுக்கும் ஏன் கொடுக்கவேண்டும்? நாணய நிதியம் முதல் நம்மூர்ப் பொருளியலாளர் வரை கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விபோல் தோன்றும். அண்டை வீட்டைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1997இல் இந்திய மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று ரேஷன் அட்டைகளைப் பிரித்தது. தமிழ்நாடு அதை ஏற்காமல் அனைவருக்கும் பொதுவான விநியோகத்தைத் தொடர்ந்தது. இடையில் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டோரின் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்தும் ஒரு முயற்சி நடந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் ஜெயலலிதாவே அதைக் கைவிட்டார். 2011 ஜூனில் அதே ஜெயலலிதா அரிசியை இலவசமாக்கினார். அங்கே மாளிகைவாசிகள் ரேஷன் கடையில் பை பிடித்து நிற்கிறார்களா? இல்லை. வேண்டாதவர் தாமாகவே வருவதில்லை. வேண்டியவரை எந்தப் படிவமும் தடுப்பதில்லை. ஊழல் இல்லை என்று சொல்லமாட்டேன். அரிசி கடத்தலை அங்குள்ள பத்திரிகைகளே எழுதுகின்றன. ஆனால் கடை பூட்டியிருந்தால் தெருவே சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் காவல்.

தமிழ்நாடு பெரிய மாநிலம், நமக்கு ஒப்பல்ல என்பீர்களானால் நேபாளத்தைப் பாருங்கள். நம்மைவிட வறிய நாடு. 1995 முதல் 75 வயதைக் கடந்த எவருக்கும் முதியோர் கொடுப்பனவு வழங்கத் தொடங்கியது. தொகை அப்போது மாதம் நூறு ரூபாய்தான். வயதைத் தவிர வேறெதையும் பெரிதாகக் கேட்கவில்லை. தொடங்கிய பின் எந்தக் கட்சி வந்தும் அதை நிறுத்தத் துணியவில்லை, கூட்டிக்கொண்டே போனார்கள்.

பணம் இல்லையென்ற பேச்சுக்கு வருகிறேன். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டி, ஆண்டுக்கு 300 மில்லியன் ரூபா வரை புரளும் வியாபாரங்களை அந்த வரியிலிருந்தே விடுவித்தபோது, எந்தக் குறிகாட்டியும் பார்க்கப்படவில்லை. எந்த முதலாளியும் மேன்முறையீடு எழுதவில்லை. கஜானா காலியானபின் 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாயிற்று. அதைக் கடையில் சாமான் வாங்கும் ஏழையும் செலுத்துகிறார்; அஸ்வெசுமவில் கிடைக்கும் தொகையின் ஒரு பகுதி கடை மேசையிலேயே அரசுக்குத் திரும்பிப் போகிறது. 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரிப் பிணைமுறிகளைத் தொடவில்லை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியம் வைத்திருந்தவற்றைத் தொட்டார்கள். அந்த ஆண்டு அரசு வட்டியாக மட்டும் செலுத்தியது 2 ட்ரில்லியன் ரூபாவுக்கு மேல். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பின்படி மேல்தட்டு ஐந்திலொரு பங்கினரின் கையில் நாட்டு வருமானத்தின் பாதிக்கும் மேல். அடித்தட்டு ஐந்திலொரு பங்கினருக்கு ஐந்து வீதமும் இல்லை. செல்வந்தர் வீட்டுக் கிழவிக்கும் கொடுப்பனவு போகிறதே என்று கவலைப்படுவோர், அந்த வீட்டிலிருந்து வருமான வரியாக அதைத் திருப்பி எடுக்கலாமே. ஏழையைச் சலிப்பதற்கு வகுத்த 22 துளைச் சல்லடைக்குப் பதில் செல்வத்தை அளக்கும் ஒரு சல்லடையை வகுத்திருந்தால் செலவும் குறைவு.

22 குறிகாட்டிகளும் கேட்காத கேள்வியும் ஒன்று உண்டு. இந்தக் குடும்பம் ஏன் வறியதாயிற்று? திருகோணமலை மாவட்டத்தில் அந்தக் கேள்வியைத் தவிர்த்து வறுமையைப் பேசுவது வீண். சம்பூர் மக்கள் 2006இல் குண்டுவீச்சுக்கு நடுவே ஓடினார்கள். வயலும் மாடும் கடலும் உள்ள ஊர் அது. போர் முடிந்த பின்னரும் அவர்களை உள்ளே விடவில்லை. காணியில் ஒரு பகுதி கடற்படைக்கு, ஒரு பகுதி முதலீட்டு வலயத்துக்கு, ஒரு பகுதி அனல் மின்நிலையத்துக்கு என்று கூறுபோட்டார்கள். கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காக உலர் உணவுக்குக் காத்திருந்தார்கள். 2015இல்தான் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2016இல் அனல் மின்நிலையத் திட்டமே கைவிடப்பட்டது. தன் நெல்லைத் தானே குற்றித் தின்ற ஒரு விவசாயியை நிவாரணப் பட்டியலில் ஏற்றியது வறட்சியா, சோம்பலா? அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தல். ஊர்க்காணியைப் பிடிக்காதிருப்பதே சில இடங்களில் சிறந்த வறுமை ஒழிப்புக் கொள்கை.

துறைமுகமும் அப்படியே. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியபோது அதை நம்பியிருந்த வேலைகளும் போயின. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றிக் கொழும்பும் புதுடில்லியும் பல ஆண்டுகள் பேசி, 2022 ஜனவரியில் பங்கு பிரித்தன. அந்த உடன்படிக்கைகளில் நிலப்பரப்பும் குத்தகைக் காலமும் பங்கு வீதமும் தலைப்புச் செய்தியாயின. இங்குள்ள இளைஞருக்கு எத்தனை நிரந்தர வேலை என்பது எந்தத் தலைப்பிலும் வரவில்லை. நானும் பத்திரிகைக்காரன் என்பதால் எங்கள் தொழிலையும் சேர்த்தே சொல்கிறேன்.

பட்டியலில் இடம் கிடைக்காதவர் எங்கே போவார்? கிழமைக் கடன்காரரிடம் போவார். போருக்குப் பின் வடக்குக் கிழக்கில் நுண்கடன் கம்பனிகள் வாசலுக்கு வாசல் வந்தன. சுயதொழில் என்றார்கள். எடுத்த பெண்களில் பலர் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தார்கள். 2018இல் அரசே தலையிட்டு வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணரும் இந்த வட்டிக் கொள்ளையைக் கண்டித்துப் போனார். மாதம் ஒரு சிறு நிச்சயத் தொகை கையில் இருந்திருந்தால் அந்தப் பெண்களில் எத்தனை பேர் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள்?

எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. முதியோரிலிருந்து தொடங்கலாம். முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்குக் கொடுப்பனவுகள் இருக்கின்றன. அவையும் குறைந்த வருமானம் என்ற வாசலைத் தாண்டியே கிடைக்கின்றன. அந்த வாசலை எடுத்துவிடவேண்டும். எழுபது வயதைக் கடந்த எவருக்கும், வீடு கல்லா மண்ணா, மகன் வெளிநாட்டிலா உள்நாட்டிலா என்று கேளாமல், மாதாமாதம் ஒரே தொகை. அடுத்து மாற்றுத்திறனாளிகள். அதற்கடுத்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். தொகையை ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணோடு சட்டத்தினாலேயே பிணைக்கவேண்டும். இல்லாவிடில் உணவு முத்திரைக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். முதியோரைத் தேடி எவரும் வீடு வீடாக வந்து தரையையும் கூரையையும் பார்க்கத் தேவையில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் எண்களிலேயே பிறந்த ஆண்டு இருக்கிறது.